வழக்குக் கட்டோடு வரட்டும் ஆசிரியர்

ஆசிரியருக்கு,

குற்றவியல் சட்டம் கற்பிக்க வழக்கறிஞர்கள் முன்வர வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் கண்டேன். வரவேற்கிறேன். ஆனால், வாதாடத் தெரிந்தவருக்கெல்லாம் பாடம் நடத்த வந்துவிடாது; வென்ற வழக்குகளைக் கதையாகச் சொல்லியே பாடவேளை கழிவதும் உண்டு. வகுப்புக்கு வர வேண்டியது, ஒரு வழக்கின் ஆவணங்கள் அடங்கிய வழக்குக் கட்டுதான். சாட்சி போலீஸாரிடம் சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டை நிரூபிக்கும் முறையையே எடுத்துக்கொள்வோம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இதற்கான 148-ஆவது பிரிவைத் தேர்வில் பிழையின்றி எழுதுபவர்கூட, ஜூனியராகச் சேர்ந்ததும் முழு வாக்குமூலத்தையும் சாட்சியிடம் நீட்டிவிடுகிறார். முரணான வரிகளை மட்டுமே சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். சாட்சி மறுத்தால், வாக்குமூலம் பதிந்த புலன் விசாரணை அதிகாரியிடம் அதே வரிகளைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது படி. விட்டால் முரண்பாடு நிரூபணமாகாது. மேல்முறையீட்டில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

முழுநேர ஆசிரியரானால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்பதால் பலர் தயங்குகின்றனர். ஆனால், தொழிலில் இருந்துகொண்டே நாளொன்றுக்கு 3 மணி நேரம் வரை சட்டம் கற்பிக்க வழக்கறிஞர்கள் சட்டம் கற்பிப்பது குறித்த 1979-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. கல்லூரிகள் இதைப் பயன்படுத்தி, நீதிமன்ற நேரம் முடிந்தபின் மாலை வகுப்புகள் வைக்கலாம். புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்துவதால், பழைய கட்டு ஒன்று, புதிய கட்டு ஒன்று என இரண்டையும் பெயர்களை மறைத்து மாணவர்களுக்குத் தரலாம்.

- வழக்கறிஞர் ஒருவர்