கட்த்ரோட்டா, கலப்பினமா?

அன்பு நண்பர் முருகேசனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஆற்றில் இறங்கித் தூண்டில் வீசத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள்.

லமார் ஆற்றில் பிடித்த ட்ரவுட் மீன் தூய கட்த்ரோட் இனமா, ரெயின்போ என்னும் வேறொரு ட்ரவுட் இனத்தோடு கலந்த கட்போ என்னும் கலப்பினமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆற்றில் இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அன்று. அது ஓடும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் அம்மண்ணுக்கே உரிய கட்த்ரோட்டை உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். ஆனால் லமார் ஆற்றுப் பாலத்துக்கு மேலே, நீர் வரும் திசையில் உள்ள பகுதியில் ரெயின்போவையும் அடையாளம் தெரிகிற கலப்பினத்தையும் கொன்றாக வேண்டும் என்பது விதி. அடையாளத்தில் தவறினால் காப்பாற்ற வேண்டிய மீனையே நம் கையால் கொன்றவர்களாவோம்.

தாடைக்கடியில் செம்மஞ்சள் கீற்று இருப்பதால் அது கட்த்ரோட்தான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் தலைமுறைக் கலப்பினத்திலும் அந்தக் கீற்று பெரும்பாலும் இருக்கும், சற்று மங்கலாக. ஆகவே கீற்று தெரிந்தவுடன் அடுத்துப் பார்க்க வேண்டியவை வயிற்றுத் துடுப்பும் குதத் துடுப்பும். ரெயின்போவுக்கு அவற்றின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடு தெளிவாக ஓடும். தூய கட்த்ரோட்டின் துடுப்புகள் பொதுவாக மஞ்சளோ செம்மஞ்சளோ ஆக இருக்கும். கீற்றும் வெள்ளை விளிம்பும் ஒரே மீனில் சேர்ந்திருந்தால் எனக்குக் கலப்பின ஐயம் வலுத்துவிடும். மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, அதன் கீழே இருண்ட ஆற்றுப்படுகை தெரியும்படி சற்றே சாய்த்தால் அந்த விளிம்பு பளிச்சென்று கண்ணில் படும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஈரத்தின் மினுமினுப்பு அதை மறைத்துவிடக்கூடும்.

பிறகு புள்ளிகள். யெல்லோஸ்டோன் கட்த்ரோட்டுக்குப் பெரிய, உருண்டையான புள்ளிகள் வால் பக்கம் திரண்டு, தலையை நெருங்க நெருங்கக் குறைந்துவிடும். ரெயின்போவின் உடலிலோ மிளகுப் பொடியைத் தூவியது போலச் சிறு புள்ளிகள் தலையுச்சி வரை பரவியிருக்கும். தலையில் புள்ளிகள் நிறைந்த, கீற்றும் உடைய மீனை நன்றாகக் கவனியுங்கள். மேல்தாடை எலும்பு கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீண்டிருப்பது கட்த்ரோட்டின் குணம் என்றாலும், சிறிய மீன்களில் அதை நம்ப முடியாது. நாக்குக்குப் பின்னால், செவுள் வளைவுகளுக்கு இடையே, கட்த்ரோட்டுக்குச் சிறு பற்கள் உண்டு, ரெயின்போவுக்கு இல்லை. ஆனால் உயிரோடு விடப்போகும் மீனின் தொண்டைக்குள் விரலை விட்டு அதைத் தேடுவது கொடுமை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்தக் கலப்பு ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வசந்த காலத்தில் முட்டையிடுபவை. அவற்றின் கலப்பினம் மலடாகாமல் இனம் பெருக்கும். கடற்கரையோரத்துக் கட்த்ரோட் ரெயின்போவோடு நெடுங்காலம் ஒரே ஆற்றில் வாழ்ந்து பழகியது. ராக்கி மலைகளின் உள்நாட்டு ஆறுகள் பலவற்றிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மனிதர்கள் கொண்டுபோய் விடும் வரை ரெயின்போவே இல்லை என்பதால், அங்கே அவற்றைப் பிரித்துவைக்கும் பழக்கம் எதுவும் உருவாகவில்லை. பிரவுன், புரூக் ஆகிய இரு ட்ரவுட் இனங்களின் கலப்பான டைகர் ட்ரவுட் மலடு. அதன் கேடு அந்த ஒரு மீனோடு நின்றுவிடும். கட்போ அப்படியன்று. 2009-இல் வெளிவந்த மொன்டானா ஆய்வு ஒன்றில், ரெயின்போ மரபு 20 விழுக்காடு கலந்த வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் என்னும் இன்னொரு கட்த்ரோட் வகையின் இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அத்தகைய மீன் மீண்டும் தூய இனத்தோடு கூடிப் பெருகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் அடையாளம் மங்கிக்கொண்டே போவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. சில தலைமுறைகள் கடந்தால் துடுப்பின் துணுக்கை எடுத்து மரபணுச் சோதனை செய்தாலொழிய யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆகவே உங்கள் மீனைப் பற்றி என் கருத்து இது: தலையில் புள்ளிகள் மிகக் குறைவு, வால் பக்கம் பெரிய புள்ளிகள், தூய கட்த்ரோட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லாப் படங்களிலும் வயிற்றுத் துடுப்பு உங்கள் கைக்குள் மறைந்திருக்கிறது; அதைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். விதி 'அடையாளம் தெரிகிற' கலப்பினத்தைப் பற்றித்தான் பேசுகிறது. எனவே ஐயத்தோடு நீங்கள் அதை விட்டது சரியான செயலே. அடுத்த முறை கையை நன்றாக நனைத்துக்கொண்டு, தாடைக்கடி, தலையுச்சி, வயிற்றுத் துடுப்பு மூன்றும் தனித்தனியே தெரியும்படி விரைவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிவராமன்