தவளையின் நஞ்சும் காட்டின் சருகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த தென் அமெரிக்க விஷத் தவளைகள் பற்றிய கட்டுரையைக் கொடைக்கானலில் பலரும் விரும்பிப் படித்தோம். ஆனால் அத்தவளைகளுக்கு நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அதனால், நிறமுள்ள தவளை எதுவானாலும் ஆளைக் கொல்லும் நஞ்சுடையது என்ற எண்ணம் இங்குள்ள பிள்ளைகள் சிலரிடம் ஏற்பட்டிருப்பது எனக்குக் கவலை அளிக்கிறது.

கட்டுரையில் இடம்பெற்ற பொன்னிறத் தவளை கொலம்பியாவின் பசிபிக் கரையோர மழைக்காட்டில் மட்டுமே வாழ்வது. 1978ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகம் அதைப் பெயரிட்டு விவரித்தது. எம்பெரா பழங்குடியினர் தங்கள் ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் பயன்படுத்தினர். அதன் தோலிலுள்ள பேட்ராகோடாக்சின் என்னும் நஞ்சு, நரம்பிலும் தசையிலும் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை மூடவிடாமல் செய்வதால் இதயம் செயலிழந்துபோகிறது. ஆயினும் இதே தவளையைக் கண்ணாடிப் பெட்டியில் பிறக்கச் செய்து, பழ ஈக்களையும் வளர்ப்புச் சிள்வண்டுகளையும் தின்னக் கொடுத்து வளர்த்தால் அதன் தோலில் அந்த நஞ்சு இருப்பதில்லை. காட்டில் தின்னும் இரையிலிருந்தே அது நஞ்சைச் சேர்த்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிகரகுவா முதல் பனாமா வரை காணப்படும் செந்நிற ஸ்டிராபெரித் தவளையிடம் இது இன்னும் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் அளவேயுள்ள இத்தவளை, சருகுக்குள் வாழும் எறும்புகளையும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மண் உண்ணிகளையும் தின்று, அவற்றிலுள்ள ஆல்கலாய்டுகள் என்னும் நச்சு வேதிப்பொருள்களைத் தன் தோல் சுரப்பிகளில் சேமிக்கிறது. சருகின் மேல் இடப்பட்ட முட்டைகளை ஆண் தவளை ஈரம் உலராமல் காக்கிறது. அவை பொரிந்ததும் தாய், தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து சென்று, அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலைக்கக்கத்தில் தேங்கிய நீரில் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வந்து, கருவுறாத முட்டைகளை இட்டு ஊட்டுகிறது. அம்முட்டைகளின் வழியே தாயின் நஞ்சும் பிள்ளையைச் சென்றடைகிறது என 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தவளையினத்தில் இத்தகைய தாய்மை அரிது. சிறுவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

இவ்விரண்டும் சேர்ந்த விஷத் தவளைக் குடும்பத்தைச் சார்ந்த தவளை எதுவும் இந்தியக் காடுகளில் இல்லை. வெப்பமான தாழ்நில மழைக்காட்டில் வாழும் பொன்னிறத் தவளையால், மார்கழியில் உறைபனி விழும் 2,000 மீட்டர் உயரத்துச் சோலைக்காட்டில் பிழைத்திருக்கவும் இயலாது. இங்கு மழைக்கால மாலைகளில் நாம் கேட்கும் குரல்களுள் பல புதர்த் தவளைகளுடையவை. அவற்றுள் ஒன்று, கொடைக்கானலில் கண்டறியப்பட்டு 2006இல் பெயரிடப்பட்டது. பச்சையாகவோ மஞ்சளாகவோ அவை தென்பட்டாலும் மனிதருக்குத் தீங்கு செய்யும் நஞ்சு அவற்றிடம் இருப்பதாக அறியப்படவில்லை. தேரையின் தோற்சுரப்பு கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகலாம். தொட்டுவிட்டால் கையைக் கழுவினால் போதும்.

புதர்த் தவளைகளின் குஞ்சுகள் நீரில் தலைப்பிரட்டையாக நீந்துவதில்லை. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாக வளர்ந்து வெளிவருகின்றன. ஆகவே அவற்றுக்குக் குளத்தைவிட ஈரம் மாறாத சருகும் மண்ணும் தழையுமே இன்றியமையாதவை. சோலையை ஒட்டிய தோட்டங்களிலும் விடுதி வளாகங்களிலும் சருகு முழுவதையும் கூட்டி எரிப்பதும், ஓரங்களில் பூச்சிமருந்து தெளிப்பதும் அவற்றின் இருப்பிடத்தையும் இரையையும் ஒருசேர அழிக்கின்றன. தோட்ட உரிமையாளர்கள் சோலையின் ஓரத்தில் சில அடி அகலத்துக்கேனும் சருகைக் கலைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

சிறுவர் பகுதியில் அடுத்து ஒரு வாய்ப்பு அமையும்போது, பழனி மலைத் தவளைகளின் படங்களையும் அவை வாழும் விதத்தையும் வெளியிடுமாறு ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கொடைக்கானல்.