உப்பளத்து வெயிலும் உன் மகளின் கேள்வியும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. அண்ணன் மகள் கல்யாண வேலையில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லையே என்று அப்பா பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். ஓசூரில் சாயங்காலம் ஆனால் குளிர்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே தூத்துக்குடிப் பக்கம் ஆவணி முடியப்போகிறது, வெயில் இன்னும் இறங்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பாப்பா பள்ளிக்கூடத்தில் பூமி சூடாவதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து "உலகம் அழிஞ்சிருமாப்பா?" என்று கேட்டாளாம். சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம். வீட்டுக்கடன், பிள்ளை படிப்பு, அம்மா வைத்தியம் என்று ஓடுகிற நம்மைப் போன்றவர்கள் இதற்கும் சேர்த்துக் கவலைப்பட முடியுமா, பட்டால்தான் என்ன ஆகிவிடும் என்று நீ கேட்கிறாய். நாம் கவலைப்படத்தான் வேண்டும் மக்கா. ஆனால் அந்தப் பிள்ளை படுகிற கவலை வேறு, நான் சொல்கிற கவலை வேறு.

உலகம் அழியாது என்று அவளிடம் தைரியமாகச் சொல். அது பொய்யில்லை. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் 1896லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஹவாய்த் தீவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டுதான் இதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஆண்டு, 1850-1900 காலத்துச் சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு நாள் காலையில் எல்லாம் முடிந்துபோகும் என்று இதற்கு அர்த்தமில்லை. பாதிப்பு சிலருக்கு முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். சிலருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

ஒன்றரை டிகிரி என்ன பெரிய விஷயம் என்று நீயும் நினைப்பாய். எங்கள் தெருவில் பாதி வீட்டில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். விடியும் முன்னே டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழை வரைக்கும் இதே பாடுதான். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு, அதிலிருந்து திருப்பி அடிக்கிற கூச்சம். கால் பாத்தியில், உப்புத் தண்ணீரில். நம் உடம்பு சூட்டை இறக்க வைத்திருக்கிற பெரிய வழி வேர்வைதான். வேர்த்தால் மட்டும் போதாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. வேர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. அதனால் உள்நாட்டில் 40 டிகிரியில் வேலை செய்கிற ஆளைவிட இங்கே 36 டிகிரியில் உப்பு வாருகிற பெண்ணுக்கு ஆபத்து குறைவு என்று சொல்லிவிட முடியாது. அதோடு கடலும் சூடாகிறது, காற்றில் ஈரமும் கூடுகிறது.

பெண்கள் படுகிற பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல உப்பளங்களில் அவர்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்பு சுமந்தால் சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்? தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகளும் சூட்டினால் வருகிற உடல்நலக் கோளாறுகளையும் சிறுநீரகப் பாதிப்பையும் பதிவு செய்திருக்கின்றன. எதிர்வீட்டு அக்கா ஒருத்தி போன சித்திரையில் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள், கூலி போய்விடுமே என்று. பூமி சூடாவதைப் பற்றிச் சாதாரண மனிதர்கள் கவலைப்பட வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு அவள் முகம்தான் வருகிறது. இதில் அவளைவிடச் சாதாரண மனுஷி யார் இருக்கிறார்கள்?

மழையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 உனக்கு மறந்திருக்காது. போன் கிடைக்காமல் நீ தவித்த நாள்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள், ஏரல் தண்ணீருக்குள் போனது. இங்கே அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. அந்த மழை முழுக்கப் புவி வெப்பத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். உடைந்த குளங்களுக்கும் அடைத்துக் கட்டிய ஓடைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. அதனால் பெய்யும்போது முன்பைவிட அதிகமாகக் கொட்ட வாய்ப்புண்டு.

மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. பாறை செத்தால் மீன் ஒதுங்க இடமில்லை. நாம் பார்த்து வளர்ந்த வான் தீவும் சுருங்கிப்போய், இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். தீவு சுருங்கியதற்கு முன்பு பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் பெரிய காரணம். அதையும் மறைக்கக் கூடாது.

இனி, கவலைப்பட்டு என்ன ஆகும் என்ற உன் கேள்வி. ஃபேனை அணை, பிளாஸ்டிக் பையை விடு என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, தப்பெல்லாம் தங்கள் வீட்டில்தான் நடக்கிறது என்று நினைக்க வைத்துவிட்டோம். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். ஓர் அமெரிக்கர் வருஷத்துக்குச் சராசரியாக 14 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறக் காரணமாகிறார். இந்தியருக்கு அது 2 டன் பக்கம். எதிர்வீட்டு அக்காவுக்கு அதைவிடவும் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். உன் மகள் குற்ற உணர்ச்சியில் சோறு இறங்காமல் இருக்க வேண்டியதில்லை. மின்சாரத்தை வீணாக்காமல் இருப்பது நல்ல பழக்கம், அவ்வளவுதான். இங்கே அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, கப்பலில் வருகிற நிலக்கரியை எரிக்கத்தான் கட்டினார்கள். ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. இதில் எது கூடும், எது குறையும் என்பதை உன் வீட்டு சுவிட்ச் தீர்மானிக்காது. அரசாங்கம் தீர்மானிக்கும். அரசாங்கத்தைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

அப்படிக் கேட்டு நடந்ததும் உண்டு. ஓசோன் படலம் ஓட்டையாகிறது என்று நாம் படிக்கிற காலத்தில் பயந்தோமே, அது என்ன ஆனது? 1987இல் மான்ட்ரியல் நகரத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். யாரும் ஃபிரிட்ஜைத் தூக்கி எறியவில்லை. உள்ளே இருக்கிற வாயுவைத்தான் கம்பெனிகள் மாற்றின. இன்றைக்கு அந்தப் படலம் மெல்லத் தேறி வருகிறது. கரியமில வாயு அதைவிடப் பெரிய வேலை, நம் வாழ்க்கை முழுக்க அதைக் கக்குகிற நிலக்கரியிலும் பெட்ரோலிலும்தான் ஓடுகிறது. ஆனாலும் பாப்பாவிடம் இந்தக் கதையை அவசியம் சொல்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு. ஆனால் வெயிலில் போகிற உயிர் மாரடைப்பு என்று எழுதப்பட்டுவிட்டால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிப் பணம் கேட்கும்? செத்த பிறகு கொடுப்பதைவிடச் சாகாமல் இருக்க நிழலும் தண்ணீரும் கொடுப்பது எவ்வளவோ சுலபம். அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் சிலர் சேர்ந்து கேட்கப்போகிறோம்: பாத்திகளுக்குப் பக்கத்தில் நிழற்கூடம், பெண்களுக்குக் கழிப்பறை, குடிதண்ணீர், மழைக்கு முன்னால் ஓடையைத் தூர்வாருவது. அக்காவையே பேசச் சொல்லியிருக்கிறேன். கூச்சப்படுகிறாள், ஆனால் பேசுவாள் என்று தோன்றுகிறது.

நீயும் உன் கம்பெனியில் ஒன்று பார். சரக்கு ஏற்றி இறக்குகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள் மத்தியானம் எங்கே உட்காருகிறார்கள்? கோடையில் அவர்களுக்கு வேலை நேரம் மாற்றித் தருகிறார்களா? நீ சூப்பர்வைசர், நீ கேட்டால் எடுபடும்.

அப்புறம், அம்மா படுப்பது மாடி அறையில்தானே, தகரக் கூரைக்குக் கீழே? அடுத்த கோடைக்குள் கீழ் அறைக்கு மாற்று, இல்லையென்றால் கூரையில் வெள்ளை பெயின்டாவது அடித்துவிடு. அவர்கள் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கிற மருந்து இருக்கிறதா என்று பார்த்து, வெயில் காலத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். நீயாக எதையும் நிறுத்திவிடாதே. கேட்டுவிட்டு எனக்கு எழுது, எங்கள் அப்பாவும் அதே மாதிரி மாத்திரைதான் சாப்பிடுகிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்