ஸ்பீக்கர் வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி வயலின் கற்க ஆரம்பித்துவிட்டாளா? சந்தோஷம். முதல் வருடம் சோதனை அவளுக்கு அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் வேலை மாறிப் போனதும் அவன் அறை காலியானது. யாரும் கேட்பதற்குள் என் ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கர்களையும் அங்கே நகர்த்திவிட்டேன். வீட்டில் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. ஆனால் சாயங்காலம் பாட்டு போட்டால் முணுமுணுத்தவர்களும் வந்து உட்காருகிறார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஜோடிக்கு நடுவில் தடுமாறுகிறாய். ஒன்று தரையில் நிற்கிற பெரிய ஜோடி, மற்றது ஸ்டாண்டில் வைக்கிற சின்னப் பெட்டி. கடையில் பெரியதைப் போட்டதும் பேஸ் (அடி ஒலி) நெஞ்சில் வந்து இடித்தது என்று எழுதியிருந்தாய். அந்த இடியில் பாதி ஸ்பீக்கருடையது, மீதி அந்தக் கடை அறையுடையது. ஸ்பீக்கரைத் தூக்கி வரலாம், அறையைத் தூக்கி வர முடியாது. வீட்டில் உன் அறை தன் பங்கைச் சேர்க்கும். அது எப்படி இருக்கும் என்று கடையில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. உன் அறை 4 மீட்டர் நீளம் என்றாய். அந்த 343-ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 43 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 43 அதிர்வு, வரும். அந்த அலைவரிசையில் ஒலி நீளத்தின் இரு முனைச் சுவர்களிலும் குவிந்து, நட்ட நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பேஸ் கும்மென்று அடைக்கும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் பேஸே இல்லாத மாதிரி இருக்கும். இரண்டுமே ஒரே ஸ்பீக்கர்தான். நம்பவில்லை என்றால் போனில் 43 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு (போனை ஆம்பில் செருகு, போனின் சொந்த ஸ்பீக்கரில் அது கேட்காது) அறைக்குள் மெல்ல நடந்து பார். ஓரிடத்தில் உறுமும், இரண்டு எட்டு வைத்தால் அடங்கிவிடும்.

வீட்டு அறைகளில் ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறை வைத்ததுதான் சட்டம். அதற்கு மேலே போகப் போக ஸ்பீக்கரின் சுயரூபம் தெரியும். அதனால் கடையில் பேஸுக்கு மார்க் போடாதே. நடுப்பகுதியையும் மேல்பகுதியையும் மட்டும் கேள்.

எதை வைத்துக் கேட்பது? கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டு வேண்டவே வேண்டாம். எந்தப் பெட்டியிலும் பளபளக்கும்படி பொறுக்கி எடுத்தது அது. உனக்கு அத்துப்படியான சில பதிவுகளை எடுத்துப் போ. முதலில் பேச்சு. இசையே இல்லாமல் ஓர் ஆண் குரல், நீ நன்றாக அறிந்த ஒருவருடையதாக இருந்தால் இன்னும் நல்லது. மனிதக் குரலை ஸ்பீக்கர் திரித்தால் நம் காது உடனே பிடித்துவிடும். மூக்கடைத்த மாதிரியோ பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியோ இருந்தால், அந்த ஜோடியை அங்கேயே விட்டுவிடு.

அடுத்தது தம்பூரா. தந்தியைத் தொட்டதும் அடியிலிருந்து கார்வை கிளம்பி மேலே மேலே விரியும் இல்லையா? இரண்டு யூனிட் உள்ள ஸ்பீக்கரில் ஊஃபரிடமிருந்து (கீழ் ஒலிக்கான யூனிட்) ட்வீட்டருக்கு (மேல் ஒலிக்கான யூனிட்) ஒலி கைமாறும் இடம் பெரும்பாலும் 2000–3000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். காது மிகக் கூர்மையாக இருக்கிற இடமும் அதை ஒட்டித்தான் வருகிறது. கைமாற்றம் சரியில்லை என்றால் தந்தி ஓரிடத்திலும் அதன் ரீங்காரம் வேறிடத்திலும் ஒலிக்கும். அதைக் கேட்டவாறே தலையை ஒரு சாண் மேலும் கீழும் அசைத்துப் பார், பக்கவாட்டில் எழுந்து நட. தொனி அடியோடு மாறினால் யோசிக்க வேண்டிய பெட்டி. அறைக்கு வெளியே போய்க் கதவருகே நின்றும் கேள். உள்ளே ஒரு ஆள் பாடுகிறார் என்று தோன்றினால் நல்ல அறிகுறி.

மிருதங்கத்தை வீட்டுக்கென்று வைத்துக்கொள். இடந்தலையில் (இடது பக்கத் தோலில்) கும்கி போடும்போது சுருதி வழுக்கிக்கொண்டு ஏறுவது தனித்துக் கேட்க வேண்டும். அறையும் ஸ்பீக்கரும் ஒத்துப்போகாத இடத்தில் ஒவ்வொரு அடியும் ஒரே ‘தொம்’ ஆகிவிடும், வழுக்கல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். பேஸ் எவ்வளவு என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

ஒப்பிடும்போது இரண்டு விஷயத்தில் உஷாராக இரு. ஒன்று, சத்தம். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று மனசு சொல்லாது, ‘இது தெளிவாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். 86 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு) உள்ளதையும் 90 உள்ளதையும் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டாவதுதான் ஜெயிக்கும், அதில் ஆச்சரியம் இல்லை. பிங்க் நாய்ஸ் என்று ஒரு பதிவு உண்டு, அருவி இரைச்சல் மாதிரி இருக்கும். அதை ஓடவிட்டு, போனில் ஒலியை அளக்கும் செயலியால் உன் நாற்காலியில் வைத்தே இரண்டையும் சமப்படுத்து. ஒப்பிடுவதற்கு அந்தத் துல்லியம் போதும். நீ ராத்திரி மெதுவாகக் கேட்கிற ஆள், அதே அளவில் வைத்தும் கேட்டுவிடு. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்குகிறது. 1933-இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். கடையில் அதிரவைத்தது உன் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு சோனியாகத் தெரியலாம்.

இன்னொன்று, கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்டு டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துப் பல வருடங்கள் சோதனை செய்தவர். பிறகு அவரும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களுக்குத் திரை இருக்கும்போது போட்ட மார்க்கும் திரையை எடுத்ததும் போட்ட மார்க்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய பெட்டிக்கும் பேர்பெற்ற பெட்டிக்கும் கண் சலுகை கொடுத்துவிட்டது. ஒரே ஸ்பீக்கரைத் தனியாகப் போட்டுக் கேட்டால் குறைகள் ஸ்டீரியோவைவிடப் பளிச்சென்று தெரியும் என்பதும் டூல் கண்டதுதான். ஒரு பக்கத்தைக் கழற்றச் சொல்லிக் கேள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வயதாகிவிட்டது, உச்ச ஒலியெல்லாம் இனி எங்கே கேட்கப் போகிறது, எதற்கு நல்ல ஸ்பீக்கர் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். 12,000-க்கு மேலே நமக்குக் கேட்காமல் போனாலும் குரலும் குழலும் வீணையும் முக்கால்வாசிக்கு மேல் கைக்குள்ளேயே இருக்கின்றன. குரல் சரியில்லாத ஸ்பீக்கர் அறுபது வயதிலும் உறுத்தத்தான் செய்யும்.

ஆம்ப் பற்றி அதிகம் கவலைப்படாதே. 8 ஓம் (மின்தடையின் அளவு) என்று போட்டிருக்கும் ஸ்பீக்கரும் சில அலைவரிசைகளில் 4-க்கும் கீழே இறங்கலாம். உன் பழைய ஆம்ப் 4 ஓம் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், அதற்காகப் புது ஆம்ப் வேண்டாம். கேபிள் போதுமான தடிமனில் இருந்தால் சரி. அதற்கு மேல் செலவழிக்கச் சொன்னால் சிரித்துவிட்டு வா.

என் ஓட்டு எதற்கு என்றால், சின்ன ஜோடிக்கு. எனக்கு அந்த ஜாதியில் பழைய மோகம் உண்டு என்பது உனக்குத் தெரியும். பிபிசி 1970-களில், வெளி ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்கென்று எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டியை வடிவமைத்தது. ஆழமான பேஸும் கிடையாது, பெரிய சத்தமும் கிடையாது. குரலில் அது காட்டிய நேர்மைக்காக இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மோகம் மட்டும் காரணம் இல்லை. தரையில் நிற்கும் ஸ்பீக்கரில் குரல் நன்றாக வரும் இடமும் பேஸ் நன்றாக வரும் இடமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும், 4 மீட்டர் அறையில் அப்படி ஓர் இடம் அமைவது அபூர்வம். சின்ன ஜோடியைக் குரலுக்கு ஏற்ற இடத்தில் வைத்துவிடலாம். பேஸ் போதவில்லை என்று பின்னால் தோன்றினால், பேஸுக்கு மட்டுமான ஒரு சப்ஊஃபர் வாங்கி அறைக்குப் பிடித்த மூலையில் தள்ளிக்கொள்ளலாம்.

வைக்கும்போது ட்வீட்டர் உன் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும் உனக்கும் அவற்றுக்கும் உள்ள தூரமும் ஏறத்தாழ சமமாக வை. பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை அடித்துவிடும். தூரத்தைக் கூட்டினால் பள்ளம் கீழே இறங்கும், குறைத்தால் மேலே ஏறும். கும்கியைப் போட்டுவிட்டு ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்திக்கொண்டே இரு.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வாரமாவது வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுப்பார்களா என்று கேள். மறுத்தால், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவாவது ரசீதில் எழுதி வாங்கு. இரண்டுக்கும் இழுத்தால் வேறு கடை பார். அறையின் அகலத்தையும் சோபா எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது, கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அப்புறம், பேத்தியின் வயலினைப் போனில் பதிவு செய்து அனுப்பு. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ராகவன்