குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ஏன் வேலையை விட்டு நின்றார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் வாரம் தவறாமல் ஒரு விளம்பரம் வருகிறது. ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் தேவை. சிறு வீட்டு வேலைகளும் தெரிந்திருக்க வேண்டும். நேரம் முன்பின் ஆகலாம்.’ போன் நம்பர்தான் மாறுமே தவிர வாசகம் மாறாது. இரண்டு வருடத்துக்கு முன்பு அதே வாசகத்தில் நானும் ஒரு விளம்பரம் கொடுத்தவன் என்பதால், அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது, கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது அந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு அக்கா வந்தார். நல்ல மனுஷி. குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார், அதைப் பார்த்ததுமே என் மனைவி முடிவு செய்துவிட்டாள். ஒன்றரை வருடம் இருந்தார். அப்புறம் ஒரு மாதக் கடைசியில், ‘இனிமேல் வர முடியாது சார், வேற ஆளைப் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சண்டை போடவில்லை. நாங்கள்தான் கோபப்பட்டோம். இவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டோமே, இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போகிறாரே என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் புலம்பினோம்.

காரணம் ஒரு நோட்டில் இருந்தது. எங்கள் நோட்டுதான். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கியது, எப்போது எழுந்தது, எப்போது சாப்பிட்டது, எத்தனை டயப்பர் மாற்றினார் என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி நாங்களே வாங்கிக் கொடுத்தது. இரவு வந்ததும் அன்றைய பக்கத்தை மட்டும் பார்ப்போம், மூடி வைத்துவிடுவோம். அவர் போன பிறகு ஒருநாள் சும்மா பின்னாலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி ஒரே மாதிரி இருந்தது, பென்சிலில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில். ஆரம்பத்தில் ‘6.35 அப்பா வந்தார்’. இரண்டு மாதம் கழித்து ‘7.10 அம்மா வந்தார்’. அப்புறம் 7.40, 7.55, ஒரு வாரம் முழுக்க எட்டு தாண்டி. கடைசி மாதத்தில் ஒரு பக்கத்தில் ‘8.50 அப்பா வந்தார்’. நாங்கள் பேசியிருந்தது ஆறரை மணி. அவருக்கும் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான், அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டு மணிக்கும் அம்மாவுக்காகக் காத்திருப்பான் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நோட்டில் ஒரு இடத்தில்கூடக் குறை எழுதியிருக்கவில்லை. மணி மட்டும்தான்.

நேரம் மட்டுமா? முதல் மாதம் குழந்தை வேலை மட்டும். இரண்டாவது மாதம் குழந்தையின் துணி. மூன்றாவது மாதம், மெஷினில்தானே போடுகிறோம் என்று எங்கள் துணியும் சேர்ந்தது. அப்புறம் பாத்திரம், அப்புறம் ‘அக்கா, அந்தக் காயை மட்டும் நறுக்கி வச்சிடுங்க’. இதையெல்லாம் கேட்பதற்கு எங்களிடம் ஒரு நியாயம் தயாராக இருந்தது, உங்கள் வாசகர்களில் பாதிப் பேரிடமும் இருக்கும்: குழந்தை தூங்கும்போது சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்.

சும்மா இல்லை. பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன என்பதை, அவர் போன பிறகு லீவு போட்டு வீட்டிலிருந்த நாட்களில்தான் நான் கற்றுக்கொண்டேன். வெளியே போக முடியாது, நிம்மதியாகக் கண்ணை மூட முடியாது, குளிக்கப் போனால்கூடக் கதவைப் பாதி திறந்து வைக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2011 ஜூன் 16-ஆம் தேதி ஒரு உடன்படிக்கையை நிறைவேற்றியது, எண் 189. குழந்தை பார்க்கிறவர்களும் அதில் அடக்கம். தன் விருப்பப்படி எங்கும் போக முடியாமல், கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக ஒருவர் இருக்கிற நேரமும் வேலை நேரம்தான் என்கிறது அது. எந்த அளவுக்குக் கணக்கில் எடுப்பது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது, அது வேறு விஷயம். வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், வேலை நிபந்தனைகளை முடிந்தவரை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது, இன்னும் ஏற்காத நாடுகள் நிறைய. உலகத்தில் 7 கோடியே 56 லட்சம் பேர் வீட்டுப் பணியாளர்கள் என்று அதே அமைப்பு 2021-இல் கணக்கிட்டது. நான்கில் மூன்று பேர் பெண்கள். பத்தில் எட்டுப் பேருக்கு வேலைக்கான எந்த முறையான பாதுகாப்பும் இல்லை. என் வீட்டில் இருந்தவரும் அந்த எட்டில் ஒருவர், படித்த நான்தான் அவரை அப்படி வைத்திருந்தேன்.

சரி, அவர் போனார், வேறு ஆள் வந்தார் என்று இதை முடித்துவிடலாம். ஏஜென்சிக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். ‘கவலையே படாதீங்க சார், ரெண்டு நாள்ல ரிப்ளேஸ்மெண்ட் அனுப்பிடுறோம், மூணு மாசத்துக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம்.’ மிக்ஸி ஜாரைப் பற்றிப் பேசுகிற குரல். அந்த நேரத்தில் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மகளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு இரண்டேகால் வயது. தினமும் காலை எட்டரைக்கு அக்கா வருவார், வாசலில் இடது பக்கமாகச் செருப்பைக் கழற்றி விடுவார். அந்த இடம் தெரியும் அவளுக்கு. அக்கா நின்ற மறுநாளிலிருந்து எட்டரை வாக்கில் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அழமாட்டாள். கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், லிஃப்ட் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி. அப்புறம் உட்காருவதை நிறுத்திவிட்டாள், பழகிவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ராத்திரியில் எழுந்து எழுந்து என் மனைவியின் முகத்தைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தது அதே வாரத்தில்தான்.

தாய்–சேய்ப் பிணைப்பைப் பற்றி யோசித்தவர்களில் முக்கியமானவர் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அறிக்கை எழுதியவர். 1907-இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்த அவரை வளர்த்தது அம்மா இல்லை, ஒரு இளம் ஆயா. பௌல்பிக்கு நான்கு வயது ஆகும் சமயத்தில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். முழுக்க முழுக்க ஒரு அன்பான ஆயாவிடம் வளர்ந்த குழந்தைக்கு, அவர் போய்விடுவது கிட்டத்தட்ட அம்மாவை இழப்பதைப் போன்றது என்று பிற்காலத்தில் எழுதினார். படித்துத் தெரிந்துகொண்டது மட்டும்தானா அது என்று எனக்குச் சந்தேகம்.

அதற்காகக் குழந்தையை வெளியாளிடம் விடவே கூடாது, அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் மனைவி களைத்துப்போயிருக்கிறாள். (என்னிடம் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை.) மகளுக்கு அந்த அக்கா கிடைத்தது நல்லதுதான். பிசகு, குழந்தைக்கு அவ்வளவு முக்கியமான ஒருவரை ஒன்றரை வருடத்தில் நிற்க முடியாமல் செய்ததிலும், ஒரு டாட்டா சொல்லக்கூட நேரம் கொடுக்காமல் அனுப்பியதிலும் இருக்கிறது.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. பதின்மூன்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை மகள் சோபாவிலிருந்து என்னை நோக்கி நாலு அடி நடந்து வந்தாள். திங்கட்கிழமை அக்கா வந்ததும் வராததுமாக நான் கத்திச் சொன்னேன். ‘அப்படியா சார்! நடந்துட்டாளா!’ என்று அவரும் கைதட்டினார். வெள்ளிக்கிழமையே நடந்திருப்பாள். வியாழக்கிழமைகூட இருக்கலாம். அவர் சொல்லவே இல்லை.

ஏஜென்சி அனுப்பிய முதல் பெண் பதினோரு நாள் இருந்தார். மகள் அவரிடம் போகவே இல்லை. அடுத்தவர் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் செல்போன்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும், அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை நான் அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பெரிய மனுஷனாக. முதல் நாள் ‘போன்ல பாட்டுப் போட்டா அடங்கிடுவா’ என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். பதினோரு மணி நேரம் தனியாக, பேச்சுத் துணை இல்லாமல், நடுவில் பத்து நிமிஷம்கூட ஓய்வு இல்லாமல் இருந்தால் நானும் போனைத்தான் கொடுத்திருப்பேன்.

நாலாவதாக வந்தவரிடம் வேறு மாதிரி பேசினோம். ‘குழந்தைன்னா பிடிக்குமா?’ என்று கேட்கவில்லை, அதற்கு யார் பிடிக்காது என்று சொல்லப் போகிறார்கள்? என் மனைவி ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர் பொம்மையைத் தொடையில் குப்புறச் சாய்த்து முதுகில் ஐந்து தட்டு தட்டினார். ஒரு வயதுக்குள் என்றால் திருப்பிப் போட்டு நெஞ்சில் ஐந்து அழுத்து, வயிற்றில் கை வைக்கக் கூடாது, பெரிய குழந்தைக்குத்தான் வயிற்றை அழுத்துவது என்றார். பழைய வீட்டில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்களாம். லண்டனில் எமிலி வார்டு என்ற பெண்மணி ஆயாக்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தது 1892-இல். இத்தனை வருடம் கழித்தும் நாம் இதை ‘பொம்பளைங்களுக்குத் தானா வர்றது’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லி முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்து, ‘உங்களுக்குத் தெரியுமா சார்?’ என்று கேட்டார். தெரியாது. அன்றைக்கு நானும் பொம்மையை வாங்கித் தட்டிப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு தாளில் எழுதினோம். இரண்டு பிரதி. வேலை நேரம், அதற்கு மேல் போனால் என்ன கூலி, வாரத்தில் எந்த நாள் லீவு, குழந்தை சம்பந்தப்பட்ட வேலை எவை, எவை இல்லை. நாங்கள் ஊருக்குப் போகிற நாட்களுக்கும் சம்பளம் உண்டு, ஏனென்றால் போவது எங்கள் முடிவு, அவருடையது இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் கூச்சப்படாமல் சொல்லலாம், குழந்தைக்கும் அதுதான் நல்லது. கேமரா எந்த அறையில் இருக்கிறது என்றும் எழுதினோம். ஒளித்து வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார், அப்படிச் சந்தேகப்படுகிற ஒருவரிடம் குழந்தையை எப்படி விடுவது என்று கேட்டதும் அவரிடம் பதில் இல்லை. கடைசியாக, யார் நிறுத்துவதாக இருந்தாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், கடைசி வாரம் புதியவரும் கூடவே வர வேண்டும், குழந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த வரியைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். முன்பு இருந்த வீட்டில் குழந்தை தூங்கும்போது நழுவிப் போகச் சொன்னார்களாம், அழுமே என்று.

அவர் வந்து ஏழு மாதம் ஆகிறது. தாளை மீறி நாங்கள் இரண்டு தடவை தாமதமாக வந்தோம், இரண்டு தடவையும் அவரே தாளைக் காட்டிப் பணம் கேட்டு வாங்கினார். முதலில் சுருக்கென்று இருந்தது. இப்போது ஏழு மணிக்குள் முடியாத மீட்டிங் என்றால் யார் முதலில் கிளம்புவது என்று நானும் மனைவியும் காலையிலேயே பேசிக்கொள்கிறோம். நாம் எப்போது வந்தாலும் அதுவரை அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் போய்விட்டது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருமண விளம்பரத்துக்கு வயது, படிப்பு, உயரம் எல்லாம் கேட்டு வாங்கிப் போடுகிறீர்கள். ‘குழந்தையைப் பார்க்க ஆள் தேவை’ என்று விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வார லீவு எந்த நாள், குழந்தை வேலை தவிர வேறு என்ன வேலை. கூடுதலாக ஒரு வரிதான் ஆகும், அதற்கும் காசு வாங்கிக்கொள்ளுங்கள். ‘நேரம் முன்பின் ஆகலாம்’ என்று எழுதிக் கொடுத்தால் மட்டும், எவ்வளவு முன், எவ்வளவு பின் என்று உங்கள் அலுவலகத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கட்டும். என்னிடம் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மூன்று வயதுப் பெண்குழந்தையின் அப்பா