எட்டாதது மாணவர்களுக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான கணினிக் கல்விக் கட்டுரையில், தற்சுழற்சி, டைனமிக் புரோகிராமிங் போன்ற நிரலாக்க உத்திகள் பள்ளி மாணவர்களுக்கு எட்டாதவை, அவற்றைக் கல்லூரிக்கு விட்டுவிடலாம் என்று ஒரு வரி வருகிறது. உயர்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலமாக நிரலாக்கம் கற்பித்து வரும் எனக்கு, என் மாணவர்களின் தகுதியை அவர்களைப் பாராமலே அளந்து சொன்ன கட்டுரையாளருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் ஃபிபோனாச்சி வரிசையில், ஓர் எண்ணைக் கண்டறியும் செயற்கூறு (நிரலின் ஒரு பகுதி) தன்னைத்தானே அழைப்பதை, அதாவது தற்சுழற்சியை, கரும்பலகையில் கிளை கிளையாக வரைந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் எண்ணுக்கே இரண்டாம் எண் மூன்று இடங்களில் வந்து நிற்பதைக் கண்ட மாணவி ஒருத்தி, "போட்ட கணக்கையே ஏன் சார் திரும்பத் திரும்பப் போட வேண்டும், விடையை ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டாள். டைனமிக் புரோகிராமிங்கின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான். அதன் பெயரை மட்டும் நான் பிறகு சொன்னேன். குறித்து வைக்காத நிரல் 40-ஆம் எண்ணைக் கண்டுபிடிக்க 33 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளில் உழல்கிறது. குறித்து வைத்தாலோ 39 கூட்டல்களில் வேலை முடிகிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்த வகுப்புக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பள்ளி மாணவர்களுக்கென்றே 1989 முதல் நடந்துவரும் சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் என்னும் நிரலாக்கப் போட்டியில் இத்தகைய கணக்குகள் கேட்கப்படுவதைத் தாங்கள் அறியாதவரல்லர்.

எட்டாமல் போவதற்குக் காரணம் வேறு. தேர்வு நெருங்கினால் கணினி ஆய்வக நேரம் வேறு பாடத்துக்குப் போய்விடும். பிரின்டரில் தாள் சிக்கினாலோ நடக்கும் வகுப்பை நிறுத்திவிட்டுக் கணினி ஆசிரியர்தான் ஓட வேண்டும். செய்முறைத் தேர்வில் மனப்பாட நிரலைச் சற்றே மாற்றிக் கேட்டால், பாடத்துக்கு வெளியே கேட்டதாகப் புகார் எழும். இவற்றையெல்லாம் தங்களுக்கு முன்பும் எழுதியிருக்கிறேன். வெளியிட இடமில்லாமல் போயிருக்கும்.

அக்கட்டுரைக்கு மட்டும் இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது. அதில் உள்ள பைத்தான் நிரலோ, எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைக் காட்டும் முன்னிடைவெளிகள் அனைத்தும் நீக்கப்பட்டு, இடது ஓரத்தோடு ஒட்டி அச்சாகியுள்ளது. அதை அப்படியே தட்டச்சு செய்தால் பிழைச்செய்திதான் வரும். அதைச் சுட்டிக்காட்டியவர்கள், எதுவும் எட்டாதவர்கள் என்று சொல்லப்பட்ட அதே மாணவர்கள்தாம். அந்நிரலை மட்டுமாவது அடுத்த இதழில் உரிய இடைவெளிகளோடு மீண்டும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்