‘வென்ட்’ ஏன் வரக்கூடாது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் தாமதம். நீ பேத்தியிடம் ‘டிட் யூ வென்ட்’ என்று கேட்டதும் அவள் விழுந்து விழுந்து சிரித்த கதையை இரண்டு முறை படித்தேன். வெட்கப்படாதே, நானும் பல வருடம் அப்படித்தான் பேசித் திரிந்தேன்.

நேற்று நடந்ததைத்தானே கேட்கிறேன், அப்புறம் ‘வென்ட்’ வந்தால் என்ன தப்பு என்கிறாய். நியாயமான கேள்வி. நம்மைக் கெடுத்தது அந்த மூன்று கட்ட அட்டவணைதான். ‘கோ, வென்ட், கான்’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோமே தவிர, எதை எங்கே வைப்பது என்று பிடிபடவே இல்லை.

தமிழை வைத்துப் பார். ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்கிறோம். எப்போது, யார் என்ற இரண்டையும் சொல்வது கடைசியில் நிற்கும் ‘இருந்தேன்’ மட்டும். ‘போய்’, ‘கொண்டு’ இரண்டும் காலத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: ஒரு வினைத்தொடரில் ஒன்றுதான் காலத்தைச் சுமக்கும். ஆனால் அங்கே சுமப்பது முதல் ஆள். ‘ஐ வாஸ் கோயிங்’ என்றால் சுமை ‘வாஸ்’ தலையில். ‘டிட் யூ கோ’ என்றால் ‘டிட்’ தலையில். ‘டிட்’ இறந்தகாலத்தை வாங்கிக்கொண்ட பிறகு ‘கோ’ வெறுங்கையோடு வந்தால் போதும். ‘ஹி கோஸ்’ என்பதில் இருந்த ‘எஸ்’கூட, ‘ஹி டஸ் நாட் கோ’ என்னும்போது ‘டஸ்’ பக்கம் தாவிவிடுகிறது, கவனித்தாயா?

இந்த ‘எஸ்’ இருக்கிறதே, அது ஒரு குறும்பு. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பன்மை, வினையோடு சேர்ந்தால் ஒருமை. எனக்கு இன்றும் அவசரத்தில் வழுக்கும்.

மூன்றாம் கட்டத்து ‘கான்’ ஒரு காலமே இல்லை. ‘ஐ கான்’ என்று அதனால் தனியாக நிற்க முடியாது. ‘ஐ ஹேவ் கான்’ என்று ‘ஹேவ்’ கைகொடுக்க வேண்டும். ‘எழுதப்பட்டது’ என்பதற்கு ‘வாஸ் ரிட்டன்’ என்கிறோமே, அங்கே கைகொடுப்பது ‘வாஸ்’.

வடிவங்கள் மொத்தமே கொஞ்சம்தான். ‘கோ’வுக்கு ஐந்து: கோ, கோஸ், வென்ட், கான், கோயிங். ‘புட்’டுக்கு மூன்றே மூன்று. ‘பி’ மட்டும் பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங் என்று எட்டு வேஷம் போடும். ‘வென்ட்’ ஒரு தத்துப்பிள்ளை, தெரியுமா? அது வேறொரு வினையின் இறந்தகாலம். ‘கோ’வுக்கு இருந்த பழைய வடிவம் வழக்கொழிந்துபோக, இது வந்து ஒட்டிக்கொண்டது. ‘வா’ எப்படி ‘வருகிறேன்’ ஆயிற்று என்று யாராவது கேட்டால் நாமும் திருதிருவென்றுதான் விழிப்போம்.

பேத்தியை விட்டுவிடாதே. ‘ரீட்’ என்ற வினையை இறந்தகாலத்தில் எழுதச் சொல். எழுத்து மாறாது, ஒலி மட்டும் ‘ரெட்’ ஆகும். அவள் எதையாவது சேர்த்து எழுதினால் இந்தத் தடவை நீ சிரிக்கலாம்.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. உடனே பதில் போடு.

உன் பழைய பெஞ்சுக்காரன்